மேனிபோல்டு மேல் காலி இடம்: தாத்தாவின் பார்கோ லாரியில் காணாமல் போனது எது?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

தாத்தா ஓட்டிய 1950களின் பார்கோ லாரி ஒன்று தோட்டத்துக் கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. ஒன்றரை வருஷமாக சனி, ஞாயிறுகளில் இவரும் சித்தப்பா மகனும் சேர்ந்து அதைப் பழுது பார்க்கிறார்கள். சேஸிஸ் துரு எடுத்தாகிவிட்டது, மர பாடி பாதி முடிந்தது, சிக்கியிருந்த எஞ்சினை டீசலும் ஆயிலும் ஊற்றி ஊறவைத்து இப்போது ஹேண்டில் போட்டால் சுற்றுகிறது. எஞ்சின் பார்கோவின் பழைய பெட்ரோல் எஞ்சின் இல்லை, எப்போதோ தாத்தா மாற்றிப் போட்ட சிம்சன் பெர்கின்ஸ் பி6 டீசல். இன்டேக் மேனிபோல்டு, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய், அதன் மேலே ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஸ்டட்கள் நிற்கின்றன, அவற்றில் நட்டுகள் விரலால் முறுக்கிய அளவுக்கு மாட்டியிருக்கின்றன, ஆனால் உட்கார்ந்திருந்த பொருளைக் காணோம். எக்சலேட்டர் ராடு அந்த இடத்துக்கு அருகே எதிலும் மாட்டாமல் ஆடுகிறது. டீசல் பம்பின் பின்பக்கத்தில் வட்டமான மூடி போல ஒன்று, அதில் ஒரு துவாரம், அந்தத் துவாரத்தில் துணி அடைத்துக் கம்பியால் கட்டியிருக்கிறது. பிரேக் பூஸ்டரிலிருந்து (பிரேக் மிதிக்க உதவுகிற அமைப்பு) வரும் பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றும் தனியாகத் தொங்குகிறது.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் "கார்புரேட்டரைக் கழற்றிட்டாங்க" என்றாராம். இன்னொருவர் "டீசலுக்கு அது தேவையே இல்லை, அப்படியே ஸ்டார்ட் பண்ணலாம்" என்றாராம். பழைய சாமான் விற்கிற ஒருவர் "பார்கோ கார்புரேட்டர்" என்று போட்டோ அனுப்பி 18,000 ரூபாய் கேட்கிறார். இவருக்குத் தை மாதம் கல்யாணம். அன்றைக்கு இந்த லாரியில் வந்து இறங்க ஆசை. என்ன காணோம், அது இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாமா, கிடைக்காவிட்டால் வேறு எஞ்சின் வைக்கலாமா, ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி என்பதால் விண்டேஜ் நம்பர் வாங்கிவிடலாம்தானே என்று நான்கு கேள்விகள்.

தம்பி, முதலில் ஒன்று. இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கிறவரை அந்த எஞ்சினுக்கு டீசல் லைன் கொடுக்காதீர்கள். பேட்டரி மாட்டியிருந்தால் கழற்றி வையுங்கள். உங்கள் இரண்டாவது மெக்கானிக் சொன்னது வெறும் தவறு மட்டுமல்ல, ஆபத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் மெக்கானிக் சொன்ன கார்புரேட்டரைப் பற்றி நீங்களே யோசித்திருப்பீர்கள், டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் ஏது? ஆனால் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பார்த்தால் அப்படித்தான் தெரியும்: மேனிபோல்டு மேல் ஃபிளான்ஜ் (ஓட்டை போட்ட தட்டை விளிம்பு), பக்கத்தில் எக்சலேட்டர் ராடு, நடுவில் திரும்புகிற ஒரு வட்டத் தகடு. பெட்ரோல் வண்டியில் கை வைத்துப் பழகியவர் யாராயிருந்தாலும் கார்புரேட்டர் என்றுதான் சொல்வார். உண்மையில் அங்கே இருந்தது வெஞ்சுரி. டீசல் பம்ப் பழுது பார்க்கிற கடைகளின், அதாவது பம்ப் ரூம்களின், பழைய ஆட்கள் "வெஞ்சுரி பாடி" என்பார்கள், சிலர் "த்ராட்டில் பாடி" என்பார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற அளவில் ஓர் உலோக வார்ப்பு, உள்ளே ஓரிடத்தில் குறுகும் குழாய், அந்தத் தொண்டையில் பட்டாம்பூச்சித் தகடு ஒன்று, வெளியே ஒரு சின்ன லீவர், லீவரை இரண்டு பக்கமும் தடுக்கிற இரண்டு திருகுகள், அப்புறம் ஒரு மெல்லிய குழாய் மாட்டுகிற நிப்பிள்.

நீங்கள் எழுதிய மூன்று தடயங்களும் ஒன்றையே காட்டுகின்றன. எக்சலேட்டர் ராடு பம்புக்குப் போகாமல் மேனிபோல்டு பக்கம் போகிறது என்றால் அந்த எஞ்சினின் கவர்னர், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்துகிற அமைப்பு, காற்றால் இயங்குவது, நியூமேட்டிக் கவர்னர். மெக்கானிக்கல் கவர்னர் வைத்த எஞ்சினாக இருந்தால் ராடு நேராகப் பம்பின் லீவருக்குத்தான் போயிருக்கும். பம்பின் பின்னால் இருக்கிற வட்ட மூடிக்குள் டயப்ரம் என்கிற தோல் சவ்வு ஒன்று இருக்கிறது. துணி அடைத்த துவாரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி வெஞ்சுரியின் நிப்பிளுக்குப் போகும். ஆக உங்களுக்குக் காணாமல் போனவை இரண்டு, வெஞ்சுரியும் அந்தக் குழாயும். ஏர் கிளீனர் பற்றி நீங்கள் எழுதவில்லை, அது வெஞ்சுரிக்கு மேலேதான் உட்காரும், அதுவும் இல்லையென்றால் மூன்று.

அந்த 18,000 ரூபாய்ப் பொருளை வாங்காதீர்கள். அனுப்பிய போட்டோவில் கண்ணாடி மாதிரி மிதவைக் கிண்ணமும் ஜெட்டும் தெரிகின்றன, அது பெட்ரோல் பார்கோவின் கார்புரேட்டராகவே இருக்கலாம், விற்பவர் பொய் சொல்லவில்லை. உங்கள் எஞ்சினுக்கு அது பயன்படாது, அவ்வளவுதான். இங்கேதான் பழைய லாரி சீர் செய்கிற நிறைய பேர் வழி தவறுகிறார்கள். பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லர் உரிமத்தில் செய்த வண்டிகள்தான் பார்கோ, டாட்ஜ், டிசோட்டோ மூன்றும், ஒரு தாய் பிள்ளைகள், முன் கிரில்லும் பெயரும்தான் மாறும். அதனால் "பார்கோ சாமான்" என்று கேட்டால் கடைக்காரர் வண்டிக்கு உண்டானதைத் தருவார். உங்கள் எஞ்சினோ இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932-ல் பிராங்க் பெர்கின்ஸ் தொடங்கிய கம்பெனியின் வடிவமைப்பு, அதைச் சென்னையில் 1840 முதல் இருக்கிற சிம்சன் கம்பெனி உரிமம் பெற்றுச் செய்தது. பம்பும் வெஞ்சுரியும் அதற்கும் மூன்றாவதாக, பம்ப் செய்த கம்பெனியின் பொருள். பி6-இல் பொதுவாகப் பார்ப்பது சி.ஏ.வி. பம்ப். வண்டி ஒருத்தர், எஞ்சின் ஒருத்தர், பம்ப் ஒருத்தர். நீங்கள் தேடவேண்டியது மூன்றாவது ஆளின் சாமானை. அதற்கு லாரி உடைக்கிற கடைகளைவிடப் பழைய பம்ப் ரூம்கள்தான் சரியான இடம்.

இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்

பெட்ரோல் எஞ்சினில் பட்டாம்பூச்சித் தகடு காற்றை அடைத்தால் வேகம் குறையும். இந்த டீசலில் அந்தத் தகட்டின் வேலை வேறு. பெடலை விட்டால் தகடு மூடும், தொண்டையில் வாக்குவம், அதாவது உறிஞ்சுகிற வெற்றிடம், ஏறும், அந்த வாக்குவம் குழாய் வழியே டயப்ரத்தை இழுக்கும், டயப்ரம் பம்பின் ரேக்கை, அதாவது டீசல் அளவை மாற்றுகிற பல் தண்டை, டீசல் குறைகிற பக்கம் இழுக்கும். பெடலை மிதித்தால் தகடு திறந்து வாக்குவம் விழும், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ரேக்கைத் தள்ளி டீசலைக் கூட்டும். எஞ்சின் வேகமெடுத்ததும் காற்றோட்டம் கூடி மறுபடி வாக்குவம் ஏறி ரேக் பின்னால் வரும். இப்படித்தான் அதன் உச்ச வேகமும் கட்டுப்படுகிறது.

வெஞ்சுரியே இல்லை என்றால் வாக்குவம் எங்கிருந்து வரும்? ஸ்பிரிங் ரேக்கை முழு டீசலில் தள்ளி வைத்திருக்கும். ஸ்டார்ட் ஆன மறு நொடியே எஞ்சின் ரேஸ் ஆகி ஏறிக்கொண்டே போகும், நிறுத்த ஆள் இல்லை. பி6 என்பது மூன்றரை அங்குல போர், ஐந்து அங்குல ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4.7 லிட்டர். வண்டியில் 83 குதிரைத்திறன் கொடுக்கிற எஞ்சின். பழைய கனெக்டிங் ராடு போல்ட்டுகளோடு அது எல்லை தாண்டிச் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். நான் ஹெல்பராக இருந்த காலம், டயப்ரம் கிழிந்து வந்த வண்டி, ஸ்டாப் கேபிளும் அறுந்திருந்தது. யாரோ "சும்மா ஒரு தடவை" என்று ஸ்டார்ட் போட்டார்கள். மேஸ்திரி ஓடிப்போய்ச் சாக்குப் பையைக் காற்று வாயில் வைத்தார், பை உள்ளே உறிஞ்சப்பட்டுப் போய்விட்டது. கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. யாருக்கும் அடிபடாதது தெய்வாதீனம். அன்றைக்குப் பிறகு அந்தப் பட்டறையில் முதல் ஸ்டார்ட் என்றால் ஒருத்தர் கையில் பலகை இல்லாமல் செல்ஃப் போடமாட்டோம்.

தொங்குகிற பிரேக் பூஸ்டர் ஹோஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைத்தான் பம்பின் துவாரத்தில் மாட்டவேண்டுமோ என்று நீங்கள் நினைக்கலாம். கண்டிப்பாகக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் இருந்தபோது பூஸ்டருக்கு மேனிபோல்டிலிருந்து வாக்குவம் கிடைத்தது. டீசலுக்கு மாற்றும்போது அதற்காகத் தனியாக ஒரு வாக்குவம் பம்ப், எக்ஸாஸ்டர் என்பார்கள், வைத்திருக்கவேண்டும். உங்கள் எஞ்சினில் அது இருக்கிறதா, அதற்குண்டான இடத்தில் தகடு வைத்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சில மெக்கானிக்குகள் குறுக்கு வழியாக வெஞ்சுரி வாக்குவத்திலிருந்து பூஸ்டருக்கு ஒரு 'டீ' (T) இணைப்பு போட்டுக் கொடுப்பார்கள். அது கவர்னருக்கென்று அளந்து வைத்த வாக்குவம், அதில் பங்கு போட்டால் பிரேக்கை மிதிக்கிற நேரத்தில் எஞ்சின் ஏறும். இதைவிட மோசமான சேர்க்கை இருக்கமுடியாது.

வாங்குவதற்கு முன் வீட்டில் தேடுங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் துணியும் கம்பியும். திருடுகிறவன் துணி அடைக்கமாட்டான். நட்டுகளைத் திரும்ப ஸ்டட்டிலேயே மாட்டி வைக்கமாட்டான். வெஞ்சுரியைக் கழற்றியவருக்கு அது என்ன என்று தெரியும், டயப்ரத்துக்குள் தூசியும் குளவியும் போகக்கூடாது என்பதும் தெரியும், திரும்ப மாட்டுவோம் என்றும் நினைத்திருக்கிறார். உங்கள் தாத்தாவாகத்தான் இருக்கவேண்டும், அல்லது அவருடைய டிரைவர். வண்டியை நிறுத்திப் போடும்போது யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்று ஒரு முக்கிய சாமானைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது அந்தக் காலத்து லாரிக்காரர்களின் வழக்கம். இல்லாவிட்டால் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கலாம், இன்னொரு வண்டிக்கு இரவல் போயிருக்கலாம்.

அதனால் பரண், தாத்தாவின் தகரப் பெட்டி, மோட்டார் ரூம், எண்ணெய் டின் அடுக்கிய மூலை எல்லாம் பாருங்கள். பாட்டி இருந்தால் அவரிடம் "கார்புரேட்டர்" என்று கேட்காதீர்கள், மேலே நான் எழுதிய உருவத்தைச் சொல்லிக் கேளுங்கள். இந்த மாதிரி ஒரு வெஞ்சுரியை ஒரு வீட்டில் ஊதுவத்தி ஸ்டாண்டாக வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். தாத்தாவிடம் கிளீனராக இருந்தவர் யாராவது ஊரில் இருந்தால் அவரை ஒரு டீக்கு அழைத்துப் போய்க் கேளுங்கள், அப்பாவைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

வெளியே வாங்குவதாக இருந்தால்

முதலில் பம்பின் பக்கவாட்டில் ரிவெட் அடித்த பெயர்த் தகட்டைப் படியுங்கள். செய்த கம்பெனி பெயரும் ஓர் எழுத்து-எண் வரிசையும் இருக்கும். வரிசையில் பி.ஈ. என்பதையடுத்து வரும் 6 என்பது ஆறு சிலிண்டர், அதற்கடுத்த எழுத்துக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் பிளஞ்சரின் (டீசலைத் தள்ளும் தண்டின்) விட்டம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக. 70 என்றிருந்தால் 7 மில்லிமீட்டர். இடையில் எப்போதாவது பம்பை மாற்றியிருந்தால் பெங்களூரு மைக்கோ பம்பாகவும் இருக்கலாம், மைக்கோ 1951-லேயே இங்கே தொடங்கிய கம்பெனி. எதுவானாலும் அந்த வரிசையை அப்படியே எழுதிக்கொண்டு போய்ப் பம்ப் ரூமில் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு தப்பான நம்பிக்கை, "ஸ்டட்டில் உட்கார்ந்தால் போதும்" என்பது. போதாது. ஃபிளான்ஜ் ஓட்டைகளின் இடைவெளியை வெர்னியரால் அளந்து வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் கவர்னரை நடத்துவது தொண்டையின் அளவு. தொண்டை பெரிதாக இருக்கிற வெஞ்சுரியை மாட்டினால் வாக்குவம் தாமதமாக ஏறும், எஞ்சின் தன் எல்லையைத் தாண்டித்தான் அடங்கும். சிறிதாக இருந்தால் பாதியிலேயே மூச்சு முட்டும், மேட்டில் இழுக்காது. பெர்கின்ஸில் இதே குடும்பத்தில் மூன்று சிலிண்டர் பி3, நான்கு சிலிண்டர் பி4 உண்டு. அவற்றின் சாமானைக் காட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள், கேட்காதீர்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினிலிருந்து எடுத்தது என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வாங்குங்கள், முடிந்தால் பம்போடு ஜோடியாக. பட்டாம்பூச்சித் தண்டு அதன் துளையில் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். ஆடினால் அங்கே காற்று பிடிக்கும், ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது ஓடும் மெது ஓட்டம்) சீராக இருக்காது. நல்ல லேத் பட்டறையில் புஷ் போட்டுச் சரிசெய்யலாம், அது பெரிய செலவில்லை. லீவரைத் தடுக்கும் இரண்டு திருகில் ஒன்று ஐடிலிங், மற்றது உச்ச வேகம். உச்ச வேகத் திருகில் ஈயம் வைத்து சீல் அடித்திருந்தால் உடைக்காதீர்கள்.

தேடும் இடங்கள் உங்களுக்கே தெரியும், சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துப் பழைய பம்ப் கடைகள், சென்னை புதுப்பேட்டை. இதற்காகக் கொல்கத்தா மல்லிக் பஜார் வரை போய்வந்தவர்களும் உண்டு, நீங்கள் கடைசியாகப் போங்கள்.

மாட்டும் முன் பம்பைப் பாருங்கள்

முப்பது வருஷம் நின்ற பம்பில் ரேக் சிக்கியிருக்கும், அதுவும் முழு டீசல் நிலையிலேயே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம், நின்ற எஞ்சினில் ஸ்பிரிங் அங்கேதான் தள்ளி வைத்திருக்கும். அப்படியானால் வெஞ்சுரி மாட்டினாலும் கதை அதேதான். பம்பின் பக்க மூடியைக் கழற்றி ரேக் கையால் தாராளமாக நகர்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டயப்ரத்துக்கு ஒரு எளிய சோதனை: துணியை எடுத்துவிட்டு ஸ்டாப் லீவரை நிறுத்துகிற பக்கம் இழுங்கள், துவாரத்தைக் கட்டை விரலால் இறுக்கி மூடுங்கள், லீவரை விடுங்கள். ரேக் நின்று மெதுவாகத் திரும்பினால் தோல் உயிரோடு இருக்கிறது. பட்டென்று திரும்பினால் கிழிந்திருக்கிறது அல்லது காய்ந்து வெடித்திருக்கிறது. உங்கள் வண்டியில் எப்படியும் மாற்றச் சொல்லித்தான் நான் சொல்வேன். பம்பைக் கழற்றி, வெஞ்சுரியோடு சேர்த்துக் காலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிபார்த்து அமைக்க) கொடுத்துவிடுங்கள், கழற்றும் முன் டைமிங் குறியை மார்க் பண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட் அன்று ஒருவர் ஸ்டாப் லீவரில் கை வைத்திருக்கவேண்டும், இன்னொருவர் மேனிபோல்டு வாயை முழுதாக மூடுகிற அளவுக்கு ஒரு தடித்த பிளைவுட் பலகையோடு நிற்கவேண்டும். துணி வேண்டாம், கை வேண்டவே வேண்டாம். டேங்க் வால்வை மூடினால் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள், ஃபில்டரிலும் பம்பிலும் இருக்கிற டீசலே எஞ்சினை உடைக்கப் போதும். இன்னொன்று, இந்த வகைக் கவர்னர் உள்ள வண்டியை மேட்டில் கியரில் வைத்துப் பின்னால் உருளவிடாதீர்கள். எஞ்சின் எதிர்த்திசையில் பற்றிக்கொண்டால் சைலன்சர் வழியே காற்றை இழுக்கும், வெஞ்சுரியில் வாக்குவமே வராது, மறுபடி ரேஸ்தான்.

வேறு எஞ்சின், விண்டேஜ் நம்பர்

நான் வக்கீல் இல்லை, ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிறைய நின்றவன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது, அனுமதி வாங்காமல் எஞ்சின் மாற்றினால் ஆர்.சி.யோடு வண்டி ஒத்துப்போகாது. அதைவிட முதல் வேலை, தாத்தா பெட்ரோலை எடுத்துவிட்டு பெர்கின்ஸ் வைத்தது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் நம்பரும் எரிபொருளும் பழையபடியே இருந்தால் அந்த ஓட்டையை அடைக்காமல் இன்னொரு எஞ்சின் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. என்னைக் கேட்டால் பி6 சுற்றுகிற நிலையில் இருக்கும்போது அதை எடுக்கவே கூடாது.

விண்டேஜ் நம்பர் பற்றி நீங்கள் நினைத்தது பாதிதான் சரி. 2021-ல் வந்த மத்திய விதி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கானது, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், எல்லாம் உண்மை. ஆனால் அது சொல்வது சொந்த உபயோக இரு சக்கர வாகனங்களையும் கார் வகை நான்கு சக்கர வாகனங்களையும். சரக்கு லாரி அந்த வகைக்குள் வராது. வந்தாலும் தினசரி ஓட்ட அனுமதி இல்லை, கண்காட்சி, ரேலி மாதிரி காரியங்களுக்குத்தான். ஆகவே உங்கள் பாதை வழக்கமான பாதைதான்: ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ். இவை இல்லாமல் ரோட்டில் எடுத்து ஏதாவது ஆனால் கல்யாணச் செலவோடு கேஸ் செலவும் சேரும்.

தை மாதத்துக்குள் பேப்பர் எல்லாம் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மண்டபத்து வளாகத்துக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, கேட்டுக்குள் மட்டும் ஓட்டி வந்து இறங்குங்கள், மண்டபக்காரரிடம் முன்பே கேட்டுவிட்டு. பூஸ்டர் வேலை செய்யாத லாரியில் பெண்ணை உட்காரவைக்கவேண்டாம். அதற்குள் எக்ஸாஸ்டரும் பிரேக்கும் தயாராகவில்லை என்றால் நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி எங்கேயும் போய்விடாது.

பம்பின் பெயர்த் தகடு, மேனிபோல்டு வாய், பூஸ்டர் ஹோஸ் வரும் பக்கம், இந்த மூன்று போட்டோவும் அனுப்புங்கள், எக்ஸாஸ்டர் விஷயத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன். தகட்டைச் சுத்தம் செய்ய எமரி பேப்பர் வேண்டாம், எழுத்து போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.